கொல்லிமலையும் ரோலர் கோஸ்டரும்: ஓர் உவமையை எடை போடுவோம்

நாமக்கல் மாவட்டத்தில் காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வளைவிலும் அதன் எண்ணைத் தாங்கிய பலகை நிற்கிறது. ஏற்காட்டுப் பாதையில் 20 வளைவுகள். வால்பாறைப் பாதையில் 40. ஆகவே வளைவுகளின் எண்ணிக்கையில் கொல்லிமலைக்குத் தனிப் பெருமை உண்டு என்பதில் ஐயமில்லை.

இப்பாதையைப் பற்றி எழுதுவோரும் பேசுவோரும் தவறாமல் கையாளும் உவமை ஒன்று உண்டு. ‘இது இயற்கையே அமைத்துக் கொடுத்த ரோலர் கோஸ்டர்’ என்பதே அது. சுற்றுலாக் கட்டுரைகளில் தொடங்கிய இந்த உவமை இப்போது வகுப்பறைக்குள்ளும் நுழைந்துவிட்டது. வட்ட இயக்கத்தை விளக்கும்போது, “ரோலர் கோஸ்டரைப் பார்த்திராவிட்டால் என்ன, கொல்லிமலைப் பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய நோக்கம் நல்லது. ஆனால் உவமை நல்லதுதானா? ஒரு செய்யுளின் உவமையை ஆராய்வது போலவே அறிவியலில் வரும் உவமையையும் ஆராய்ந்து பார்க்க வேண்டும். எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை, பொருந்தாத இடத்தில் என்ன தீங்கு விளைகிறது என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரிலேயே ஒரு வேடிக்கை

முதலில் உவமையின் வரலாற்றைப் பார்த்துவிடுவோம். ருசியாவில் குளிர்காலத்தில் மரச் சாரங்களின் மீது பனிக்கட்டியைப் பரப்பிச் சறுக்கி விளையாடிய சறுக்குமேடைகளே ரோலர் கோஸ்டரின் முன்னோடிகள். அதனால் பிரெஞ்சு மொழியில் ரோலர் கோஸ்டருக்கு ‘ருசிய மலைகள்’ என்று பெயர். ருசியர்களோ அதை ‘அமெரிக்கக் குன்றுகள்’ என்கிறார்கள்! அமெரிக்காவில் கோனி தீவில் 1884-ஆம் ஆண்டு லாமார்க்கஸ் தாம்சன் என்பவர் அமைத்த பாதை மணிக்கு ஏறத்தாழ 10 கி.மீ. வேகத்தில்தான் ஓடியது. ஆக, ஐரோப்பாவில் ஒரு விளையாட்டுக் கருவிக்கு மலையின் பெயரைச் சூட்டினார்கள். நாம் ஒரு மலைக்கு அந்த விளையாட்டுக் கருவியின் பெயரைச் சூட்டுகிறோம்.

பொருந்தும் இடம்

உவமையில் உண்மை அறவே இல்லை என்று சொல்ல முடியாது. இரண்டிலும் பயணியின் திசைவேகம் இடைவிடாது மாறிக்கொண்டே இருக்கிறது. வேகத்தின் அளவு மாறாவிட்டாலும் திசை மாறினாலே அது முடுக்கம்தான். மாணவர்கள் அடிக்கடி மறந்துவிடும் செய்தி இது. வேகமானியின் முள் 20-லேயே அசையாமல் நின்றாலும், வளைவில் திரும்பும் பேருந்து முடுக்கம் பெற்றுக்கொண்டுதான் இருக்கிறது. அந்த முடுக்கத்தின் திசை வளைவின் மையத்தை நோக்கியது. அதன் அளவு வேகத்தின் இருமடியை ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும்.

இதைக் கண்ணால் காண எளிய சோதனை ஒன்று இருக்கிறது. மலைப் பயணத்தில் தலைசுற்றலுக்கு முகர்ந்து பார்ப்பதற்கென்று எலுமிச்சம்பழம் கொண்டு செல்வது நம் வழக்கம். இன்னொரு பழத்தையும் எடுத்துச் செல்லுங்கள். அதை ஒரு முழ நூலில் கட்டிப் பேருந்தின் மேற்கம்பியில் தொங்கவிடுங்கள். நேர்ச்சாலையில் அது செங்குத்தாகத் தொங்கும். வளைவு வந்ததும் வெளிப்பக்கம் சாயும். எவ்வளவு சாயும் என்று கணக்கிடலாம்.

மலைச்சாலைகளுக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்துள்ள விதிகளின்படி, கொண்டை ஊசி வளைவின் உட்புற ஆரம் 14 மீட்டருக்குக் குறையக்கூடாது. வடிவமைப்பு வேகம் மணிக்கு 20 கி.மீ. கொல்லிமலையின் 70 வளைவுகளும் ஒரே அளவினவல்ல. என்றாலும் கணக்குக்காக இந்த அளவுகளையே எடுத்துக்கொள்வோம். மணிக்கு 20 கி.மீ. என்பது வினாடிக்கு 5.56 மீட்டர். இதை இருமடியாக்கி 14-ஆல் வகுத்தால் 2.2 மீ/வி² கிடைக்கிறது. புவியீர்ப்பு முடுக்கமாகிய 9.8-இல் இது 0.22 பங்கு. சாலை சமதளமாக இருந்தால் எலுமிச்சம்பழம் செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 13 பாகை சாயும்.

50 கிலோ நிறையுள்ள மாணவர் ஒருவரை வளைவில் திருப்புவதற்கு ஏறத்தாழ 110 நியூட்டன் விசை தேவை. அதாவது 11 கிலோ எடைக்குச் சமமான விசையால் அவரைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். இந்த வேலையை இருக்கையின் உராய்வும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் தோளும் செய்கின்றன. பக்கத்தில் இருப்பவர் முறைத்துப் பார்ப்பதற்குக் காரணம் இந்த 11 கிலோதான்!

பொருந்தாத இடம் ஒன்று: விசையின் திசை

இனி ரோலர் கோஸ்டரைப் பார்ப்போம். 30 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் பெட்டி, உராய்வைப் புறக்கணித்தால், அடியில் வினாடிக்கு சுமார் 24 மீட்டர், அதாவது மணிக்கு 87 கி.மீ. வேகம் பெறும். பள்ளத்தின் வளைவு ஆரம் 20 மீட்டர் என்றால் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 3 மடங்கு. நம் சொந்த எடையையும் சேர்த்தால், இருக்கை நம்மைத் தாங்கும் விசை எடையின் 4 மடங்கு. நமது 50 கிலோ மாணவர் அந்தக் கணத்தில் 200 கிலோ கனப்பதாக உணர்வார். மேட்டின் உச்சியிலோ நிலைமை நேர்மாறு. வேகத்தின் இருமடியை ஆரத்தால் வகுத்து வரும் ஈவு 9.8 ஆகிவிட்டால், இருக்கை அவரைத் தாங்க வேண்டிய தேவையே இல்லை. அவர் எடையற்றவர்போல் மிதப்பார்.

கொல்லிமலைப் பேருந்தில் அவருடைய தோற்ற எடை எவ்வளவு மாறுகிறது? செங்குத்தாக 1, பக்கவாட்டில் 0.22 என்ற இரண்டையும் பித்தகோரஸ் விதிப்படி சேர்த்தால் 1.025 வருகிறது. அதாவது இரண்டரை விழுக்காடு கூடுதல். 50 கிலோ என்பது 51¼ கிலோ ஆகிறது, அவ்வளவே. கோஸ்டரின் 4 மடங்குக்கும் இதற்கும் உள்ள தூரத்தை நோக்குக.

அப்படியானால் மலைப்பாதையில் அதிகமாகத் தலைசுற்றுவது ஏன்? இங்கேதான் திசை முக்கியமாகிறது. கோஸ்டரை அமைப்பவர்கள் வளைவுகளில் தண்டவாளத்தையே சாய்த்துவிடுகிறார்கள். அதனால் விசை பெரும்பாலும் தலையிலிருந்து காலை நோக்கிய திசையிலேயே உடலின் மீது அமைகிறது. அத்திசையில் சில வினாடிகள் 4 மடங்கு எடையை நல்ல உடல்நிலையுள்ளவர் தாங்கிக்கொள்வார். பக்கவாட்டில் வரும் விசையைக் கழுத்து அவ்வளவு எளிதில் தாங்காது. மேலும் கோஸ்டர் சவாரி ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும். கொல்லிமலையிலோ ஒவ்வொரு வளைவும் ஏறத்தாழ 8 வினாடி; ஒன்று இடப்புறம், அடுத்தது வலப்புறம் என்று 70 முறை. நம் உட்செவியிலுள்ள உணர்கருவிகள் பக்கவாட்டு முடுக்கத்தையும் சாய்வையும் பிரித்தறிய வல்லவை அல்ல. ‘நீ 13 பாகை சாய்ந்திருக்கிறாய்’ என்று செவி சொல்கிறது. ‘இல்லை, பேருந்தின் தரை நேராகத்தான் இருக்கிறது’ என்று கண் சொல்கிறது. இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல முடியாமல் மூளை திணறும்போது குமட்டல் வருகிறது. சாலையைப் பார்த்து வளைவை முன்கூட்டியே அறிந்துகொள்ளும் ஓட்டுநருக்கு வாந்தி வராததும், கைப்பேசியில் கண் பதித்திருப்பவருக்கு விரைவில் வருவதும் இதனால்தான்.

பொருந்தாத இடம் இரண்டு: பிடிப்பு

ரோலர் கோஸ்டரின் பெட்டி தண்டவாளத்தைவிட்டு விலக முடியாது. தண்டவாளத்தின் மேலே உருளும் சக்கரங்கள், பக்கத்தில் அணைக்கும் சக்கரங்கள், அடியிலிருந்து பற்றும் சக்கரங்கள் என்று மூவகைச் சக்கரங்கள் அதற்கு உண்டு. அடிச் சக்கரத்துக்கு ஜான் மில்லர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1919-இல் காப்புரிமை பெற்றார். அதற்குப் பிறகே செங்குத்தான இறக்கங்களைத் துணிந்து அமைக்க முடிந்தது. தண்டவாளம் பெட்டியைத் தள்ளவும் செய்யும்; இழுக்கவும் செய்யும்.

சாலை அப்படிப்பட்டதன்று. அது மேல்நோக்கித் தள்ளும். ஒருபோதும் கீழ்நோக்கி இழுக்காது. பக்கவாட்டில் அது தரக்கூடியது டயரின் உராய்வையும் வளைவின் சிறு சாய்வையும் மட்டுமே. விதிப்படி சாய்வு 10-க்கு 1, அதாவது 0.1. பக்கவாட்டு உராய்வுக்குப் பொறியாளர்கள் எடுத்துக்கொள்ளும் பாதுகாப்பான அளவு 0.15. இரண்டையும் கூட்டினால் 0.25. 14 மீட்டர் ஆரத்துக்கு இது எந்த வேகத்தை அனுமதிக்கும் என்று கணக்கிட்டால் மணிக்கு 21 கி.மீ. வருகிறது. வடிவமைப்பு வேகம் 20 என்று வைத்தது ஏதோ மனம்போன போக்கில் எழுதிய எண் அன்று என்பது இப்போது விளங்கும்.

வேகத்தைக் கூட்டினால் என்ன ஆகும்? 20 கி.மீ. வேகத்தில் 0.22 ஆக இருந்த தேவை, 30-இல் 0.51 ஆகிறது; 40-இல் 0.90 ஆகிறது. வேகம் இரட்டித்தால் தேவை நான்கு மடங்காகும் என்பது சூத்திரத்திலேயே இருக்கிறது. உலர்ந்த சாலையில் நல்ல டயர் தரக்கூடிய உராய்வு உச்ச அளவில் 0.7 என்று கொள்வோம். சாய்வையும் சேர்த்தால் 0.8. 40 கி.மீ. வேகத்துக்கு அது போதாது. மழையில் உராய்வு 0.4-க்கு இறங்கிவிட்டால், 30 கி.மீ. வேகத்துக்கே போதாது. சாலையில் மணலோ சருகோ கிடந்தால் சொல்லவே வேண்டாம்.

இன்னொரு செய்தியும் உண்டு. டயருக்குக் கிடைக்கும் உராய்வு ஒரே பணப்பை போன்றது. பிரேக் பிடிக்கவும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும்; திரும்பவும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். பையில் இருக்கும் 0.7-இல் பிரேக்குக்கு 0.6 செலவாகிவிட்டால், இரண்டும் செங்குத்துத் திசைகளானதால் பித்தகோரஸ் கணக்குப்படி திரும்புவதற்கு 0.36 மட்டுமே மிஞ்சும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறை, வளைவுக்குள் பிரேக்கை அழுத்தாதே என்று அனுபவமுள்ள ஓட்டுநர்கள் சொல்வதன் இயற்பியல் இதுதான்.

பொருந்தாத இடம் மூன்று: ஆற்றல்

எல்லாவற்றிலும் பெரிய வேறுபாடு இது. கோஸ்டரில் உயரம் வேகமாக மாற வேண்டும். அதுதான் அதன் தொழில். மலைச்சாலையில் உயரம் வேகமாக மாறவே கூடாது. 1000 மீட்டர் உயரத்தை அப்படியே வேகமாக மாற்றினால் பேருந்து அடிவாரத்துக்கு மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் வந்து சேரும்! ஆகவே அந்த ஆற்றல் முழுவதையும் வழியிலேயே வெப்பமாக்கிக் காற்றில் விட்டாக வேண்டும். 12 டன் பேருந்துக்கு இது சுமார் 11.8 கோடி ஜூல், அதாவது 33 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 20 பாகை வெப்பநிலையிலுள்ள 350 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். இவ்வளவு வெப்பத்தையும் பிரேக் மட்டுமே ஏற்க நேர்ந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்ற ஓட்டுநர் வழக்கு, இந்தச் சுமையின் பெரும்பகுதியை எஞ்சினுக்கு மாற்றுவதற்கான வழி. நியூட்ரலில் வண்டியை உருட்டிக்கொண்டு இறங்குபவர் எரிபொருளை மிச்சப்படுத்தவில்லை. மலைச்சாலையைக் கோஸ்டராக்கப் பார்க்கிறார்.

பாடநூலின் பங்கு

உவமையை மட்டும் குறை கூறிவிட்டுப் பாடத்தைத் தப்பவிடுவது நியாயமாகாது. வழிகாட்டி நூல்கள் பலவற்றில் காணப்படும் விளக்கம் இது: “வளைவில் மையநோக்கு விசையும் மையவிலக்கு விசையும் சமமாக இருப்பதால் வண்டி வட்டப்பாதையில் செல்கிறது.” இதை எழுதிய மாணவருக்கு மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. ஆனால் இரு விசைகள் சமமாகவும் எதிராகவும் ஒரே பொருளின் மீது செயற்பட்டால் தொகுபயன் சுழி. தொகுபயன் சுழி என்றால், நியூட்டனின் முதல் விதிப்படி வண்டி நேர்கோட்டில் செல்ல வேண்டும்! வட்டத்தில் செல்வதற்கான காரணமாகச் சொன்னது, வட்டத்தில் செல்லாமைக்கான காரணமாக முடிகிறது. வேறு சிலர் இவ்விரண்டையும் வினை, எதிர்வினை என்கிறார்கள். வினையும் எதிர்வினையும் வெவ்வேறு பொருள்களின் மீது செயற்படுபவை என்பதை அவர்களே முந்திய பாடத்தில் எழுதியிருப்பார்கள்.

உண்மை எளியது. சாலையோரத்தில் நிற்பவருக்கு மையவிலக்கு விசை என்று ஒன்று தெரிவதில்லை. பேருந்து திரும்புகிறது; எலுமிச்சம்பழம் தன் நிலைமத்தால் நேரே செல்ல முயல்கிறது; நூல் அதை உள்ளே இழுக்கிறது. பேருந்துக்குள் இருப்பவர் பேருந்தையே அசையாப் பொருளாகக் கொண்டு கணக்கிட விரும்பினால், வெளிநோக்கிய ஒரு விசையைச் சேர்த்துக்கொள்ளலாம். கணக்குச் சரியாக வரும். ஹைகன்ஸ் 1673-இல் மையவிலக்கு விசைக்கான விதிகளை வெளியிட்டார். மையநோக்கு விசை என்ற சொல்லை உருவாக்கித் தமது 1687-ஆம் ஆண்டு நூலில் நிலைநாட்டியவர் நியூட்டன். இரு பார்வைகளும் செல்லும். ஒரே படத்தில் இரண்டையும் கலப்பதுதான் பிழை.

இது தேர்வுத்தாளோடு நின்றுவிடும் பிழை என்று எண்ணக்கூடாது. ‘இரு விசைகளும் எப்போதும் சமமாகிவிடும்’ என்று படித்த இளைஞர், மோட்டார் சைக்கிளைச் சாய்த்தால் போதும், இயற்கை தானே சரிசெய்துகொள்ளும் என்று நம்புகிறார். சாய்வு என்பது எவ்வளவு உராய்வு தேவை என்பதைக் காட்டும் அளவுகோல் மட்டுமே. 40 கி.மீ. வேகத்தில் இவ்வளைவுக்கு 42 பாகை சாய வேண்டும். அந்த உராய்வைச் சாலை தராவிட்டால் வண்டி விழும். பாதையைக் கோஸ்டர் என்று நம்பி வருகிறவருக்கு அடியிலிருந்து பற்றும் சக்கரம் இல்லை. வளைவுக்கு அப்பால் பள்ளம் இருக்கிறது. எதிரே மிளகும் அன்னாசியும் ஏற்றி இறங்கும் சுமைவண்டியும், ஊருக்குத் திரும்பும் மலைவாழ் மக்களும் வருகிறார்கள். அவர்களுக்கு இது கேளிக்கைப் பாதையன்று. சந்தைக்கும் மருத்துவமனைக்கும் உரிய வழி.

மாற்று உவமை

குறை சொன்னவன் மாற்றும் சொல்ல வேண்டும். ரோலர் கோஸ்டரைத் தமிழ் மாணவருக்கு விளக்கக் கொல்லிமலைக்குப் போக வேண்டியதில்லை. சேலம், நாமக்கல் பகுதிகளில் ஆடி மாதம் மரக்கிளையில் கட்டும் தூரி போதும். தூரி ஊஞ்சலே உண்மையான கோஸ்டர். உயரம் வேகமாகிறது, வேகம் மீண்டும் உயரமாகிறது. விசை உடலின் நீளவாக்கில் அமைகிறது. கயிறு தண்டவாளத்தின் வேலையைச் செய்கிறது. செங்குத்திலிருந்து 60 பாகை வரை ஆடினால், அடியில் வரும்போது நம் தோற்ற எடை சரியாக இரண்டு மடங்கு. உச்சியில் சரியாகப் பாதி. கயிறு எவ்வளவு நீளமானாலும் இந்தக் கணக்கு மாறாது. 90 பாகை ஆடினால் அடியில் மூன்று மடங்கு. வயிற்றில் ‘ஜிவ்’வென்று ஏறும் உணர்ச்சிக்கு இந்த மாற்றமே காரணம்.

முழு வட்டச் சுழலின் ஆபத்தையும் தூரியைக் கொண்டே விளக்கலாம். பெட்டி வட்டத்தின் உச்சியில் தண்டவாளத்தைவிட்டு அகலாமல் போக வேண்டுமானால், அடியில் அதற்குக் குறைந்தது 6 மடங்கு எடை ஏற்படும். 1895-இல் கோனி தீவில் வட்ட வடிவில் அமைத்த சுழல்பாதை பயணிகளின் கழுத்தை வருத்திப் பெயர் கெட்டதற்கு இதுவே அடிப்படை. 1976-இல் கலிபோர்னியாவில் திறக்கப்பட்ட பாதைக்கு ஜெர்மானியப் பொறியாளர் வெர்னர் ஷ்டெங்கல் நீர்த்துளி வடிவைக் கையாண்டார். வேகம் மிகுந்த அடிப்பகுதியில் ஆரம் பெரிது. வேகம் குறைந்த உச்சியில் ஆரம் சிறிது. சூத்திரம் பழையதுதான். ஆரத்தை இடத்துக்கு இடம் மாற்றலாம் என்ற எண்ணமே புதிது.

கொல்லிமலையைப் பாடத்திலிருந்து நீக்கிவிட வேண்டும் என்பது நம் கருத்தன்று. உராய்வுக்கும், சாலைச் சாய்வுக்கும், ஆற்றல் வெப்பமாவதற்கும் அதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு நம் பக்கத்தில் இல்லை. ஆடிப்பெருக்குக்கு அறப்பளீசுவரர் கோயிலுக்கும் வல்வில் ஓரி விழாவுக்கும் மலையேறும் மாணவர்கள் நூலில் ஓர் எலுமிச்சம்பழத்தைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு வளைவிலும் அதன் சாய்வைக் குறித்துக்கொண்டு வரட்டும். 13 பாகையை விடப் பழம் மிகுதியாகச் சாய்ந்தால், வண்டியைச் சற்று மெதுவாக ஓட்டும்படி ஓட்டுநர் அண்ணனிடம் சொல்லவும் அவர்களுக்குக் காரணம் கிடைக்கும்.